எல்லாம் ரேவதியாக வருகிறது

செப்டம்பர் 8, திங்கள்

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. எது எங்கே இருக்கிறது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையாட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன், அதுவும் ஒரு தேர்ச்சிதான்.

கைலாசம் அண்ணாச்சி பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறார். முன்பு ஜாதகத்தைக் கையில் வாங்கிக் கையில் கொடுத்தவர், இப்போது இணையதளம் வைத்திருக்கிறார். அதை எழுதிய பையன் சென்னையில் நல்ல வேலை கிடைத்து ஓடிவிட்டான். அவன் விட்டுப்போனதைப் பார்த்துக்கொள்ள என்னை எடுத்தார்கள். நான் படித்தது வேதியியல். ஆறு மாதம் ஒரு பயிற்சி வகுப்பில் நிரல் எழுதக் கற்றேன். அந்த வகுப்பில்தான் சுரண்டையும் படித்தார். அவர் பெயரை எழுத மாட்டேன், ஊர்ப் பெயரை மட்டும்தான் எழுதுவேன். அப்பா இதையெல்லாம் எடுத்துப் படிக்கிறவர் இல்லை, ஆனாலும்.

தளம் செய்கிற வேலை எளிதுதான். ஒவ்வொரு குடும்பமும் தங்களுக்குச் சம்மதமான நட்சத்திரங்களை டிக் செய்து வைக்கும். ஞாயிறு காலை அவர்கள் ஃபோனுக்கு ஒரு லிங்க் போகும். அதைத் தொட்டால் அந்த நட்சத்திரங்களில் உள்ள வரன்கள் படத்தோடு வரும்.

நான் இங்கே சேர்வதற்கு முன்பே, சித்திரையில், அப்பா உலகம்மை அக்காவை இதில் பதிந்துவிட்டார். இதுவரை ஒரு ஃபோன் வரவில்லை. அக்காவுக்கு மூல நட்சத்திரம். ‘பெண் மூலம் நிர்மூலம்’ என்று எவனோ ஓசைக்காகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான், மருமகள் மூலமென்றால் மாமனாருக்கு ஆகாது என்று ஊரே நம்புகிறது. அக்காவுக்கு முப்பத்து மூன்று வயது. புரட்டாசி கழிந்ததும் வள்ளியூருக்குச் சம்மதம் சொல்லிவிடலாம் என்கிறார் அப்பா. வள்ளியூர்க்காரருக்கு நாற்பத்தேழு வயது, மனைவி இறந்துவிட்டார், பத்தாவது படிக்கிற மகள் இருக்கிறாள். ஜாதகமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அந்த வீட்டில் மாமனாரும் இல்லை. நல்ல மனிதர்தான்.

அக்காவைக் கேட்டால், "உங்க இஷ்டம்" என்கிறாள்.

அக்காவுக்கு முடிந்தால்தான் எனக்கு. சுரண்டை வீட்டில் தை வரைக்கும் பொறுப்பார்களாம். அவ்வளவுதான் விஷயம், இதில் எழுத ஒன்றும் இல்லை. இட்லி அரிசி ஊறப் போட வேண்டும்.

செப்டம்பர் 10, புதன்

வாடிக்கையாளர்களின் ஃபோனை எடுப்பவர் ஜெபமணியம்மா. நட்சத்திரம் என்றால் டிசம்பரில் வீட்டு வாசலில் கட்டித் தொங்கவிடுவது என்ற அளவில்தான் அவருக்குப் பழக்கம். இன்று காலை அண்ணாச்சியிடம் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ரேவதின்னு ஒரு பொண்ணு. எல்லாருக்கும் அவளே போறாளாம். எதத் தொட்டாலும் ரேவதியா வருதுன்னு ரொம்ப நாளா சொல்லுதாங்க. நேத்து ஒருத்தரு, ‘உங்ககிட்ட வேற பொண்ணே இல்லியா’ன்னு கேட்டே போட்டாரு."

"எந்த ரேவதி?"

தேடினோம். தென்காசியில் ஒரு ரேவதி இருந்தாள். பி.காம்., மாநிறம், தந்தைக்கு எண்ணெய் வியாபாரம். படத்தில் பாவமாகத்தான் இருந்தாள்.

"ஆளு பாவம் போல இருக்கும், உள்ள ஏதோ கள்ளத்தனம் இருக்கு. தூக்கு," என்றார் அண்ணாச்சி.

தூக்கினேன். நம் கையால் முதல் நடவடிக்கை.

செப்டம்பர் 12, வெள்ளி

ரேவதியின் அப்பா நேரில் வந்துவிட்டார். மாடிப்படி ஏறிய மூச்சிரைப்பு அடங்கும் வரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

"எம்மவ என்ன தப்பு பண்ணுனான்னு அவ பேர எடுத்திய?"

அண்ணாச்சி மோர் வாங்கி வரச் சொன்னார். பிறகு மெதுவாக, எல்லோருக்கும் ரேவதியே வருகிறது என்பதை விளக்கினார். அவர் மோரைக் குடித்துவிட்டு, "எம்மவளுக்கு நட்சத்திரம் பூசம். பேருதான் ரேவதி. உங்களுக்கு வருத ரேவதி எந்த ரேவதியோ, எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அண்ணாச்சியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஜெபமணியம்மா மட்டும், "அப்ப ரெண்டு ரேவதியா?" என்று கேட்டார்.

புகார் பெண்ணைப் பற்றியது இல்லை. நட்சத்திரத்தைப் பற்றியது. இருபத்தேழு நட்சத்திரத்தையும் டிக் செய்தவர்களுக்குக்கூட ரேவதி நட்சத்திர வரன்கள் மட்டும் போய்க்கொண்டிருக்கின்றன. ரேவதிக்கு என்ன அப்படி ஒரு யோகம்? ஒன்றும் புரியவில்லை. தென்காசி ரேவதியை மன்னிப்புக் கேட்டு மறுபடி ஏற்றினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் துணி துவைத்தேன். அப்பா முருங்கைக்காய் வாங்கி வந்தார், எல்லாம் முற்றல்.

அக்காவின் ஃபோனுக்கும் லிங்க் வந்தது. அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். நாள் முழுவதும் அடுத்தவர்களிடம் ‘இது தெளிவா இருக்கா, முன்னது தெளிவா இருந்துச்சா’ என்று கேட்பது அவள் தொழில். ஞாயிறு மட்டும்தான் வீட்டில் இருப்பாள். லிங்க்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தானாகச் சிரித்தாள்.

"என்னக்கா?"

"இவரு தவறாம வந்திருதாருட்டி. வாரா வாரம்."

எட்டிப் பார்த்தேன். மொத்தமே மூன்று பேர். வயது, படிப்பு எல்லாம் பொருந்தி வருகிற ரேவதி நட்சத்திரக்காரர்கள் அவ்வளவுதான் போலிருக்கிறது. மற்ற இருவரும் கோட்டுப் போட்டு ஸ்டுடியோவில் நின்றார்கள். இவர் ஒரு கன்றுக்குட்டியைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு நின்றார். குற்றாலலிங்கம், அம்பாசமுத்திரம், கால்நடை ஆய்வாளர், வயது முப்பத்தெட்டு.

"கண்ணாடியப் பாரு, இடது பக்கம் தாந்து கெடக்கு," என்றாள் அக்கா. "இப்படியே போட்டுட்டுத் திரிஞ்சா தலவலி வரும். ஒரு நிமிச வேலதான். கடைக்கு வந்தா நிமித்திக் குடுத்திரலாம்."

"விருப்பம்னு ஒரு பட்டன் இருக்குல்லா, அத அமுக்கேன்," என்றேன் விளையாட்டாக.

அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "பொண்ணு வீட்டுலருந்து நாமளா போயி அமுக்கப்பிடாது. அவங்க பாத்து அவங்க கேக்கணும்," என்றார்.

அக்கா ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முருங்கைக்காய் நறுக்கப் போனாள். யாரோ ஒருவருடைய கண்ணாடி கோணலாக இருப்பதை இவ்வளவு கவனிக்க வேண்டுமா? தொழில் புத்தி.

செப்டம்பர் 16, செவ்வாய்

லிங்க்கைப் பிரித்துப் பார்த்தேன். எனக்கு மேலும் குழப்பம்தான்.

லிங்க்கின் வாலில் கேள்விக்குறி இருக்கிறது. அதற்குப் பின்னால் நட்சத்திரம்=அசுவினி, நட்சத்திரம்=பரணி, நட்சத்திரம்=கார்த்திகை என்று அனுமார் வால் போல நீள்கிறது. டிக் செய்த எல்லாம் வரிசையாக இருக்கின்றன, ஒன்றுகூட விடுபடவில்லை. கடைசியில் நட்சத்திரம்=ரேவதி. பஞ்சாங்க வரிசையில் கடைசி அதுதானே.

அதாவது, அனுப்பும்போது எல்லோரும் போகிறார்கள். போய்ச் சேரும்போது கடைசி ஆள் மட்டும்தான் இருக்கிறார். மற்ற இருபத்தாறு பேரும் வழியில் எந்த நிறுத்தத்தில் இறங்கிப் போகிறார்கள்?

ரேவதியை டிக் செய்யாதவர்களுக்கு, அவர்கள் டிக் செய்ததில் கடைசி எதுவோ அது மட்டும் வருகிறது. இதைக் கண்டுபிடித்ததில் ஒரு பெருமை வந்தது. பெருமை வந்த அளவுக்கு விடை வரவில்லை.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. மீன் கிடையாது. சுரண்டையிடமிருந்து ஃபோன். "உங்கப்பா என்ன சொல்லுதாங்க?" என்று கேட்டார். ஐப்பசியில் அக்காவுக்கு வள்ளியூர் உறுதியாகிவிடும் என்றேன். சந்தோஷப்பட்டார். நானும் பட்டேன். ஏன் படக் கூடாது?

செப்டம்பர் 21, ஞாயிறு

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப எழுதுவதால்தான் குழம்புகிறது என்று நானாக முடிவு செய்து, எல்லா நட்சத்திரத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பும்படி நேற்று மாற்றி ஏற்றினேன். இன்று காலை போன லிங்க்குகளைத் திறந்தால் வாலில் சதவீதக் குறியும் எண்களுமாக ஏதோ மந்திரவாதி எழுதியது போல இருந்தது. மூட்டையை மூட்டையாகவே வாங்கிக்கொண்டு, ‘இந்தப் பெயரில் ஒரு நட்சத்திரம் இல்லையே’ என்று தளம் கையை விரித்துவிட்டது. பதிவு செய்த எல்லோருக்கும், ஒருவர் பாக்கியில்லாமல், ‘தங்களுக்குப் பொருத்தமான வரன்கள் இல்லை’ என்று போயிருக்கிறது.

ஜெபமணியம்மா கோயிலிலிருந்து நேராக அலுவலகம் வந்துவிட்டார். அண்ணாச்சி என்னையும் வரச் சொன்னார். ஃபோன் விடாமல் அடித்தது. ஒரு தாய் அழுதேவிட்டாராம், "எம் பையனுக்கு இந்த உலகத்துலயே பொண்ணு இல்லியா" என்று.

"ரேவதியாவது வந்துட்டு இருந்தா," என்றார் ஜெபமணியம்மா. கேலி செய்கிறாரா என்று பார்த்தேன். இல்லை, உண்மையாகவே வருந்திச் சொன்னார்.

பழையதையே திரும்ப ஏற்றினேன். அண்ணாச்சி சத்தம் போடவில்லை. "தாயி, இனிமே நல்லா சோதிச்சு, எங்கிட்டக் காட்டிட்டு ஏத்து. இது மனுசங்க கல்யாணம்," என்றார். எனக்குத் தற்காலிக வேலைதான். இந்த மாதத்தோடு போகச் சொல்வாரோ என்று பயந்தேன், சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் அக்கா, "இந்த வாரம் யாருமே இல்லன்னு போட்டிருக்கு. அவருக்கு முடிஞ்சிட்டோ என்னமோ," என்றாள்.

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல."

செப்டம்பர் 28, ஞாயிறு

லிங்க் பழையபடி. கன்றுக்குட்டிக்காரர் வந்துவிட்டார். அக்கா பாயசம் வைத்தாள். விசேஷம் என்ன என்று அப்பா கேட்டார். பால் மிஞ்சிவிட்டது என்றாள். பால் மிஞ்சவில்லை, கடையிலிருந்து அவளே வாங்கி வந்ததை நான் பார்த்தேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. என் கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம், ஜெபமணியம்மாவுக்குச் சுண்டல் மட்டும். எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து, இந்தத் தளம் எதன்மேல் கட்டப்பட்டிருக்கிறதோ அந்த ஃபிரேம்வொர்க்கின் விளக்கக் குறிப்புகளை முதல் வரியிலிருந்து படித்தேன். வீடு கட்டச் சாரம் கட்டிக் கொடுப்பது போல, இணையதளம் கட்ட ஆயத்தமாகக் கிடைக்கிற சாரம் அது. இதுவரை நான் தேவைப்பட்ட பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டிருந்தேன்.

அதில் ஒரு வரி. மூன்று முறை படித்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

வழியில் யாரும் இறங்கவில்லை. இருபத்தேழு பேரும் பத்திரமாக வந்துதான் சேர்கிறார்கள். வாசலில் நிற்கிற நாம் கேட்கிற விதத்தில்தான் தவறு. ‘நட்சத்திரத்தைக் கொடு’ என்று கேட்டால் ஃபிரேம்வொர்க் ஒன்றைக் கொடுக்கும், அதுவும் கடைசியை. ‘நட்சத்திரங்களைப் பட்டியலாகக் கொடு’ என்று கேட்க வேறு ஒரு கட்டளை இருக்கிறது. அப்படிக் கேட்டால் மொத்தமும் கொடுக்கும். ஓடிப்போன பையன் சித்திரையில் தளத்தைப் புதுப்பித்தபோது ஒருமையில் கேட்டு எழுதிவிட்டுப் போயிருக்கிறான். பிழை என்று அது சிவப்பு எழுத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அது ஒன்றும் சொல்லாமல், கேட்டதைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறது.

ஒரே ஒரு சொல்லை மாற்ற வேண்டும். என் கணினியில் மாற்றிப் பார்த்தேன். எல்லா நட்சத்திரமும் வந்தன. அடுத்த அறையில் இருந்த ஜெபமணியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று எழுந்தேன்.

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்து அக்காவின் பக்கத்தைத் தேடினேன். யார் யாருக்கு அக்கா போயிருக்க வேண்டும் என்று பார்த்தேன். மூலத்தை டிக் செய்தவர்கள் இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. பக்கம் பக்கமாக வருகிறார்கள். திருச்செந்தூர், கோவில்பட்டி, நாகர்கோவில், மதுரையில்கூட. நட்சத்திரத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் எல்லாவற்றையும் டிக் செய்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் டிக் செய்ததால் ரேவதியோடு அவர்கள் கதை முடிந்துவிட்டது. அக்காவை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அக்காவை யாரும் பார்க்கவே இல்லை.

அம்பாசமுத்திரம் கன்றுக்குட்டிக்காரரும் அதில் இருக்கிறார்.

வீட்டுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டியைக் கழுவித் துடைத்தேன். ரொம்ப நாளாகச் செய்ய நினைத்த வேலை.

அக்டோபர் 4, சனி

அண்ணாச்சி, "பிரமு, நாளைக்கு லிங்க் போறதுக்கு முன்ன சரியாயிருமா?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் சோதிக்கணும் அண்ணாச்சி. போன தடவ மாதிரி ஆயிரக்கூடாதுல்லா."

"அதுவும் சரிதான். பைய செய்யி."

அவசரம் கூடாது என்று அவர்தானே சொன்னார். தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

லிங்க் பழைய மாதிரியே போனது. அக்கா பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

அப்பா வள்ளியூருக்கு ஃபோன் செய்து, ஐப்பசி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வந்து உறுதி செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். வைத்ததும் உத்தரத்தைப் பார்த்தார். "ஆறு மாசத்துல ஒருத்தன்கூட கேக்கல. நான் என்ன செய்ய?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. நான் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக அது இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

சோதனை.

அக்டோபர் 7, செவ்வாய்

சோதனை. மழை.

அக்டோபர் 8, புதன்

சுரண்டை ஃபோனில் அவருடைய அம்மாவையும் பேசச் சொன்னார். நல்ல அம்மா. "அக்காவுக்கு நல்ல எடமாத்தான அமைஞ்சிருக்கு?" என்று அக்கறையாகக் கேட்டார். தங்கமான மனுசர் என்றேன். அப்பா சொல்கிற அதே சொல். வாயில் தானாக வந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தேன். இப்போது சரி செய்து ஏற்றினால் நிறைய ஃபோன் வரும். அப்பா வள்ளியூரைத் தள்ளிப் போடுவார். வருகிற ஒவ்வொன்றையும் விசாரிக்க வேண்டும், ஜாதகம் பார்க்க வேண்டும், பெண் பார்க்க வர வேண்டும். அது தையில் முடியுமா, அடுத்த வைகாசியில் முடியுமா? அதற்குள் சுரண்டை வீட்டில் வேறு பெண் பார்த்துவிடுவார்கள். அவ்வளவும் ஆகி அக்காவுக்கு யாருமே அமையவில்லை என்றால் வள்ளியூரும் போய்விடும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தீரும், பைத்தியம் தீர்ந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற மாதிரி இதற்கு முனையே இல்லை. ஆக, இப்போது ஏற்றாமல் இருப்பது அக்காவுக்கும் நல்லதுதான்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சொல்லாமல்தான் இருக்கிறேன்.

அக்டோபர் 10, வெள்ளி

அக்கா கடையிலிருந்து வரும்போது ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் கொண்டு வந்தாள். கண்ணாடிச் சட்டம் முடுக்குவது. "வீட்டுல ஒண்ணு கெடக்கட்டும்" என்று அலமாரியில் வைத்தாள். எங்கள் வீட்டில் கண்ணாடி போடுகிறவர்கள் யாரும் இல்லை. அப்பாவும் வெறும் கண்ணால்தான் செய்தித்தாள் படிக்கிறார்.

"வள்ளியூருக்கு உனக்கு நெசமாவே சம்மதமாக்கா?" என்று கேட்டேன்.

"உங்க இஷ்டம்."

அவள் இப்படிச் சொல்வதற்கு முன்னால் ஏதாவது சொல்லியிருப்பாளோ என்று முதல் முறையாகத் தோன்றியது. எப்போது, எதைச் சொன்னாள்? நினைவுக்கு வரவில்லை. கேட்ட ஞாபகம்கூட இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

அக்கா ஃபோனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அணைத்துவிட்டுத் திரும்பவும் திறந்தாள்.

"இந்த வாரம் அவர் வரலட்டி," என்றாள். "மத்த ரெண்டு பேரும் இருக்காவ."

"படம் ஏதாவது மாத்திக்கிட்டு இருப்பாரு. நாளைக்கு ஆபீஸ்ல பாக்கேன்."

"பாக்க வேண்டாம். சும்மா சொன்னேன்."

அக்டோபர் 13, திங்கள்

போனதும் முதல் வேலையாகப் பார்த்தேன். பதிவை முடித்துவிட்டார். ஒன்பதாம் தேதி, வியாழன். காரணம் என்ற இடத்தில் ‘திருமணம் நிச்சயம், இந்தத் தளத்தின் வழியாக’ என்று அவரே தேர்வு செய்திருக்கிறார். பெண் கடையநல்லூர். நட்சத்திரம் ரேவதி. வேறு என்னவாக இருக்கும்?

ஐந்தாம் தேதி லிங்க்கில்தான் அந்தப் பெண்ணின் பக்கத்தைத் திறந்திருக்கிறார், நான்கே நாளில் பேசி முடித்துவிட்டார்கள், புரட்டாசி என்றுகூடப் பார்க்கவில்லை. மூன்றாம் தேதி அந்த ஒரு சொல்லை மாற்றியிருந்தால் ஐந்தாம் தேதி அக்காவும் அவருக்குப் போயிருப்பாள். பார்த்திருப்பாரா, பார்த்தால் பிடித்திருக்குமா, யாருக்குத் தெரியும்? பிடிக்காமலும் போயிருக்கலாம். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அண்ணாச்சியிடம் காட்டினேன். "இத்தன நாளு சோதிச்சது வீண் போகல," என்று பாராட்டினார். அவர் எதிரிலேயே ஏற்றினேன். நான் இனித் தற்காலிகம் இல்லையாம். ஜெபமணியம்மா ஜாங்கிரி வாங்கி வந்தார். நான் எடுக்கவில்லை, பல் வலி என்றேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. காலையிலேயே முறுக்குக்கு மாவு பிசைந்து அக்கா அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். அப்பாவின் ஃபோன் எட்டு மணிக்கு முதலில் அடித்தது. அதன் பிறகு நிற்கவே இல்லை. கோவில்பட்டி, நாகர்கோவில், ராஜபாளையம். "மூலம்னா எங்களுக்கு ஒண்ணும் இல்லங்க" என்று எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி சொன்னார்களாம்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தார், எங்கே போகப் போகிறார் என்று கேட்டால் எங்கேயும் இல்லை என்றார். "ஐப்பசி நேத்துத்தான் பொறந்துது. பொறந்ததும் நேரம் எப்படி மாறிட்டு பாத்தியா? எல்லாம் காலத்துல நடக்கும்," என்றார். கண் கலங்கியிருந்தது. ஆறு மாதமாகத் தன் மகளை யாருக்கும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர்.

அக்கா முறுக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, என்னிடம் மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"நீதான் ஏதோ சரி பண்ணுன, என்ன?"

"ஆமாக்கா. லிங்க்ல ஒரு தப்பு இருந்துச்சு. திங்கக்கிழமை ஏத்தினேன்."

"ஏத்துனது திங்கக்கிழமை. தப்பு என்னன்னு எப்பத் தெரியும்?"

எண்ணெய் புகைந்தது. நான் அடுப்பைக் குறைத்தேன். ஏதாவது ஒரு தேதி சொல்லியிருக்கலாம், அவளுக்கு எப்படித் தெரியப் போகிறது?

"மூணாந்தேதி," என்றேன்.

அக்கா முறுக்கை எண்ணெய் வடித்துத் தட்டில் எடுத்து வைத்தாள். அடுத்ததைப் பிழிந்தாள். எங்கள் தளத்தில் நிச்சயமானவர்களின் படங்களைத் தேதியோடு போடுகிற பக்கம் ஒன்று உண்டு. அதை அவள் பார்த்திருப்பாள் என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை.

"அவருக்கு ஒம்பதாந்தேதி முடிஞ்சிருக்கு," என்றாள்.

"அக்கா, நான் வேணும்னு செய்யல."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

மாவு தீரும் வரை பிழிந்தாள். கை கழுவிவிட்டுக் கூடத்துக்குப் போய், அப்பா முன்னால் நின்றாள். அப்பா ஒரு சீட்டில் ஊர்ப் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார்.

"அப்பா, வள்ளியூருக்கு வேண்டாம்னு சொல்லிருங்க."

"அதான் தாயி, இப்ப இவ்வளவு பேரு வந்துட்டாங்களே, பொறுமையாப் பாக்கலாம்னு நானும்..."

"இவங்களும் இப்ப வேண்டாம். நான் சொல்லும்போது பாத்தாப் போதும். பிரமுவுக்குச் சுரண்டையில ஒரு பையன் இருக்காரு. அவளுக்கு முதல்ல முடிங்க."

அப்பா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சுரண்டை என்ற ஊரே அவருக்குப் புதிதாகக் கேட்டது போல இருந்தது. நான் அக்காவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. "மூத்தவ நீ இருக்கையில, ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்றார்.

"மூத்தவளுக்கு இஷ்டமில்லன்னு சொல்லுங்க. அது என்ன, நான் ஒரு தடவகூடச் சொல்லப்பிடாத வார்த்தையா?"

அப்பா சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். ரசத்தில் உப்பு இல்லை, அதை யாரும் சொல்லவில்லை.

நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. தையிலேயே நடக்கும். இதற்காகத்தானே இத்தனை நாள் நெஞ்சு அடித்துக்கொண்டு கிடந்தேன், பிறகு ஏன் இப்படி அழுகை வருகிறது என்று எனக்கே விளங்கவில்லை. அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு முறை அடுப்படி வாசல் வரை போனேன். அவள் முறுக்கை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் சுரண்டை ஃபோன் செய்தார். தீபாவளிக்குத் துணி எடுத்தாயிற்றா என்றெல்லாம் கேட்டார். நான் சரியாகப் பேசவில்லை போல, "ஏதும் நல்ல செய்தி உண்டா, இல்லியா?" என்றார்.

"வீட்டுல சரின்னுட்டாங்க," என்றேன். எனக்கே கேட்காத குரல்.

"என்ன சொல்லுத? கேக்கல."

அடுப்படியிலிருந்து அக்கா சொன்னாள், கோபமே இல்லாமல்:

"சத்தமாச் சொல்லுட்டி. அவருக்குக் கேக்கணும்லா."